எட்டு மணிக்குள் எழும்ப வேண்டும்

ஆள் ஒல்லி, கூப்பிடும் பெயர் குண்டு. பணிமனையில் சேர்ந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்ட பெயர் அது. அங்கே வந்துபோன கார்களுக்கு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு. குண்டுக்குள் பாதி வாயு, பாதி எண்ணெய், நடுவே ஒரு ரப்பர்த் திரை. எஞ்சின் ஓடினால் பம்ப் எண்ணெயை அழுத்தும், கார் எழும்பும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்பக்கம் சற்றுத் தாழும், பிறகு தானே நிமிர்ந்து பழைய உயரத்துக்கு வந்துவிடும். அவர்கள் இறங்கினால் சற்று எம்பும், பிறகு தானே தணியும். யார் ஏறினாலும் இறங்கினாலும் தரைக்கும் காருக்கும் நடுவே அதே இடைவெளி. அந்தக் குண்டுகளைக் கழற்றி, வாயு நிரப்பி, மறுபடி மாட்டுகிற வேலையைப் பத்தொன்பது வருஷம் செய்தார். "வர்ற வண்டியை எல்லாம் நிமித்தி அனுப்பறே, நீ மட்டும் ஏன்யா கூனிக்கிட்டு நடக்கறே?" என்று முதலாளி கேலி செய்வார்.

இப்போது முதலாளியும் இல்லை, பணிமனையும் இல்லை. பணிமனை மாடியறையில்தான் குண்டுவும் மனைவியும் குடியிருந்தார்கள். கட்டடம் கைமாறியபோது அறையும் கூடவே போயிற்று. மிஞ்சியது சாம்பல் நிறக் கார் ஒன்று. பழுதுபார்க்க விட்டுப்போனவர் திரும்ப வரவே இல்லை. போன் செய்தால், "நீங்களே வெச்சுக்கங்க, என்னை ஆளை விடுங்க" என்றார்.

ஏழு மாதமாக அந்தக் காரில்தான் குடித்தனம். முன்சீட்டைச் சாய்த்துப்போட்டு அவர் படுப்பார், பின்சீட்டில் அவள். டிக்கியில் பாத்திரமும் துணிமணியும். மதியத்துக்கு மேல் அவள் சலவைக்கூடத்துக்குப் போர்வை மடிக்கப் போவாள். அவர் காரைப் பார்த்துக்கொள்வார். வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில் மேஸ்திரி, "அண்ணே, உங்க வண்டியெல்லாம் இப்ப யாரு ஓட்டறா?" என்று கேட்டதிலிருந்து குண்டு வேலை கேட்டு எங்கும் போகவில்லை.

நகர வீட்டுவசதி அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். முகவரி இல்லாதவர்கள் படுக்கிற இடத்தை எழுதித் தர வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஏதாவது ஒரு நாள், அலுவலகம் மூடும் ஐந்து மணிக்குள், குமாஸ்தா நேரில் வந்து பார்ப்பார். எழுதிக்கொடுத்தபடி இருந்தால் ஓர் அறை கிடைக்கும். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அடுத்த மனு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

"எந்த நாள்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்," என்றாள் மனைவி.

"சொன்னா அன்னைக்கு மட்டும் வந்து உட்கார்ந்துக்குவீங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "சாம்பல் கலர் கார், பதினாலாம் நம்பர் கம்பம். எழுதியாச்சு. காரை மட்டும் நகர்த்திடாதீங்க."

நகர்த்துகிற உத்தேசம் அவர்களுக்கு இல்லை. நகர்த்தத் துடித்தவர் வேறொருவர். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் அந்தத் தெருவில் வருவார். கையில் ஒரு குச்சி. கைவிடப்பட்ட வண்டிகளைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. குச்சியைக் காருக்கு அடியில் செங்குத்தாக நுழைப்பார். நுழைந்தால் ஓடுகிற வண்டி. நுழையாவிட்டால் ஓடாத வண்டி. முதல் தடவை மஞ்சள் ஸ்டிக்கர். இரண்டாம் தடவை சிவப்பு. சிவப்பு ஒட்டினால் மறுநாள் கிரேன் வந்துவிடும்.

மற்ற கார்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் காரோ, எஞ்சினை அணைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கி, விடிவதற்குள் வயிறு தரையில் பட நீட்டிப் படுத்துவிடும். வந்த புதிதில் குச்சிக்காரர் வருவது தெரியாமல் தூங்கிவிட்டார்கள். கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஏறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் எட்டுக்குக் கால் மணி முன்னால் எஞ்சினைப் போடுவார்கள். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று, மாடு எழுந்திருப்பதுபோலக் கார் எழுந்து நிற்கும். மஞ்சள் சட்டை குச்சியை நுழைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதா பெரியவரே?" என்பார். "ஓடாம என்ன தம்பி," என்பார் குண்டு. அந்த இடத்தைவிட்டு அது ஒரு முழம் நகர்ந்து ஏழு மாதம் ஆயிற்று.

மனு கொடுத்து ஒன்பது நாள் ஆன வியாழக்கிழமை எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. தெருவெல்லாம் பச்சை எண்ணெய். குண்டு குழாயை வெட்டி ஒட்டுப்போட்டார். ஆனால் தொட்டி காலி. அந்தப் பச்சை எண்ணெய் இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. ஆபத்துக்கு மண் அள்ளும் இயந்திரத்தின் எண்ணெய் ஆகும்; அது தாது எண்ணெய், ரப்பரை ஒன்றும் செய்யாது. ஊருக்கு வெளியே ஜேசிபி நிறுத்துகிற இடத்தில் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே குண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஓட்டுநர் ஏழு மணிக்குத்தான் வந்தார். நாலு லிட்டர் ஊற்றிக் கொடுத்தார். குண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாகத் திரும்பினார். வழியில் ஒரு கடையின் கடிகாரம் எட்டரை காட்டியது. அதற்கு மேல் ஓடவில்லை. ஓடி என்ன ஆகப்போகிறது.

தெரு முனையில் திரும்பியதும் பார்த்தார். கார் நின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து, அதன் முழு உயரத்தில்.

மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "ஏங்க, போயிட்டான்! குச்சி சர்ருனு உள்ள போச்சு. அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே! குனிஞ்சு, நிமிர்ந்து, மறுபடி குனிஞ்சு…" அவள் இடுப்பில் கைவைத்து மஞ்சள் சட்டைக்காரர்போல நடந்து காட்டினாள். "'ஓடுதாம்மா?'ன்னான். 'வாங்க, ஒரு ரவுண்டு போலாம்'னேன். ஓடியே போயிட்டான்."

"எண்ணெய்?"

"முக்குக் கடையில வாங்கினேன். நீங்கதானே சொல்வீங்க, இந்த வண்டியில பிரேக்கும் குண்டும் ஒரே தொட்டியிலதான் குடிக்குதுன்னு. பிரேக் ஆயில் குடுப்பான்னேன். மூணு பாட்டில் குடுத்தான். ஊத்தி சாவியைத் திருப்பினேன். சொன்ன பேச்சு கேட்டு எந்திரிச்சிடுச்சு!"

குண்டு டப்பாவைக் கீழே வைத்தார். மூடியைத் திறந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே மிஞ்சிய பச்சை. அடியில் தேன் நிறம். இரண்டும் கலக்காமல் கோடு கிழித்ததுபோல் நின்றன. பம்பின் வாய் அடியில்தான் இருக்கிறது. முதலில் குடித்தது தேன் நிறத்தைத்தான்.

புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் அது. மற்ற வண்டியின் பிரேக் ஆயில் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது. ஒரு சொட்டு போனாலும் ரப்பர் ஊதும், குழையும், நாலைந்து நாளில் ஒவ்வொரு மூட்டாக விட்டுவிடும். அந்தக் காலத்தில் அந்தப் பாட்டிலை யாராவது பணிமனைக்குள் கொண்டுவந்தால் குண்டுவே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்.

"என்னங்க, தப்பா ஏதும் பண்ணிட்டேனா?"

"இல்லையே."

"பின்ன ஏன் இப்படிப் பார்க்கறீங்க?"

"மூணு பாட்டில் கொஞ்சம் அதிகம். அதான் யோசிக்கறேன்," என்றார். "நல்ல வேலை பண்ணினே."

அவள் சலவைக்கூடத்துக்குப் போனதும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தேன் நிறத்தை எல்லாம் வெளியே எடுத்தார். இரண்டு முறை குமட்டியது. கொண்டுவந்த எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வடித்து, மீண்டும் ஊற்றினார். செய்யும்போதே தெரிந்தது, குண்டுகளுக்குள்ளும் வால்வுகளுக்குள்ளும் போனதை வடிக்க முடியாது. பிரித்து ஒவ்வொன்றாகக் கழுவி, ரப்பரை எல்லாம் மாற்ற வேண்டும். ரப்பருக்கு எங்கே போவது? பதினைந்தாம் நாள் புதன்கிழமை. அதற்கு முன்னால் செவ்வாய் இருக்கிறது.

குமாஸ்தா மட்டும் வந்துவிட்டால் போதும். சனிக்கிழமை பகல் முழுக்க, கையில் பை வைத்துக்கொண்டு வந்த ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பார்த்தார். ஒருவர் பயந்துபோய் எதிர்ப் பக்கம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரத்தின் அருகே ஈரம். அவள் கண்ணில் படாமல் மண்ணைத் தூவினார். திங்கட்கிழமை பம்ப் கிறீச்சிட்டது. "என்ன சத்தம் அது?" என்றாள். "பெல்ட்," என்றார். அவள் போனதும் காருக்கு அடியில் ஊர்ந்து, கசிகிற மூட்டுகளில் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டினார். ஒன்றைக் கட்டினால் இன்னொன்று சொட்டியது. கை இரண்டுதான். அடியில் படுத்தபடியே அழுதார். மேலே தெருவில் யாரோ தக்காளி விலை பேசிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய் ஏழரைக்கே எஞ்சினைப் போட்டார். பின்பக்கம் நாலு விரல் எழும்பியது. "வா, வா" என்றாள் மனைவி, குழந்தையைக் கூப்பிடுவதுபோல. முன்பக்கம் அசையவில்லை. எட்டுக்குள் பின்பக்கமும் படுத்துவிட்டது. குண்டு நாலு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, ஜாக்கியால் தூக்கி அடியில் கொடுத்தார்.

மஞ்சள் சட்டை குச்சியை நுழைக்கவே இல்லை. காலால் கட்டையைத் தட்டினார். "பெரியவரே, கட்டை மேல நிக்கற வண்டிக்குக் குச்சியே தேவையில்லை. நேரா சிவப்புதான்."

"தம்பி, நாளைக்கு ஒரு நாள். குமாஸ்தா வர்றதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நானே தள்ளிக்கிட்டுப் போயிடறேன்."

"எங்கே தள்ளுவீங்க? நான் ஒட்டலைன்னா என் மேல ஒட்டுவாங்க."

"உள்ள நாங்க இருக்கோம் தம்பி," என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதாக்கா?" என்றார் அவர். "தெரிஞ்சதா எழுதினா வேற ஸ்டிக்கர். அதுக்கு போலீஸ்தான் வருவாங்க." சிவப்பை ஒட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் நீவிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கிரேன் வந்தது. கூடவே மஞ்சள் சட்டையும். குமாஸ்தா வரவில்லை. இருவரும் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார்கள். கிரேன்காரர் கண்ணாடியைத் தட்டினார். "இறங்குங்கண்ணே. நீங்க இறங்கலைன்னா போலீஸ்காரங்க வந்து இறக்குவாங்க. அது நல்லா இருக்காது." குண்டு மனைவியைப் பார்த்தார். அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள்.

கொக்கி மாட்ட இடம் தேடிக் கிரேன்காரர் அடியில் படுத்தார். எழுந்தபோது கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இந்த மாதிரி வண்டியை இழுத்து எத்தனை வருஷம் ஆச்சு. ஏங்க, இதுல எந்தப் புண்ணியவான் பிரேக் ஆயில் ஊத்தினது? ரப்பரெல்லாம் குழைஞ்ச சோறு மாதிரி தொங்குது."

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்," என்றார் குண்டு.

"நீங்க மெக்கானிக்குன்னு இவர் சொன்னாரே?"

"மெக்கானிக்குதான்."

"நல்ல மெக்கானிக்குண்ணே!" கிரேன்காரர் மஞ்சள் சட்டையைப் பார்த்துக் கண்ணடித்தார். "சின்னப் பசங்ககூட இதைச் செய்ய மாட்டாங்க."

"தெரியாம ஊத்திட்டேன்," என்றார் குண்டு. பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. காது மடல் சூடாயிற்று.

கிரேன்காரருக்கு என்ன தோன்றியதோ, பின்சீட்டை நெம்பிக் கழற்றி ஓரமாகப் போட்டார். "அக்கா உட்காரட்டும்." சங்கிலி இறுகியது. கார் மேலே போனது. நாலு சக்கரமும் உயிரில்லாமல் தொங்கின. மஞ்சள் சட்டை சீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு என்கிட்ட ஸ்டிக்கர் இல்லை," என்று சொல்லிவிட்டுக் கிரேனில் ஏறிக்கொண்டார்.

கார் நின்ற இடத்து வெள்ளைக் கோட்டுக்குள் சீட்டை இழுத்துப்போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பேருந்துகள் முழங்காலை உரசுவதுபோலப் போயின. கோப்பில் சாம்பல் நிறக் கார் என்றுதான் எழுதியிருக்கிறது.

அவள் கேட்டாள். "அன்னைக்கே தெரியுமா?"

"மூடியைத் திறந்ததும் தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லி?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். நான் பாட்டுக்கு அஞ்சு நாளா சலவைக்கூடத்துல பெருமை பேசிக்கிட்டிருந்தேன்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இன்னைக்கு நான் வேலைக்குப் போகலை."

மணி நாலேகால். பையோடு ஒருவர் வந்தார். குண்டு எழுந்தார். அவர் மருந்துக்கடைக்குள் போனார். குண்டு உட்கார்ந்தார்.

ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்து அவர்கள் முன்னால் நின்றது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கினான். "அண்ணே, இது பார்க்கிங் இடம்."

"தெரியும் தம்பி."

"எவ்வளவு நேரம் உட்காரப் போறீங்க?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

குண்டு தெரு முனையைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் நீங்க நிறுத்திக்கங்க," என்றாள் மனைவி.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, இண்டிகேட்டரைப் போட்டுக் காத்திருந்தான்.