டாக்டர் தனலட்சுமியின் இறால் சோதனை

செல்வி போன் செய்தபோது நான் பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் விடிந்தும் விடியாமலும் அழைத்தால் நல்ல சேதியாக இருக்காது. "டாக்டரம்மா போய்ட்டாங்கண்ணா" என்றாள். ஐயோ என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. "வயிறா?" என்றுதான் கேட்டேன். "இல்லண்ணா, நெஞ்சு. தூக்கத்துலயே." அப்படியே ஷட்டருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டர் தனலட்சுமியை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். நெட்டப்பாக்கத்திலிருந்தும் செலியமேட்டிலிருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, அவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, நல்லபடியாக வீடு போனவர்கள் நீங்கள். அவருடைய வயிற்றுக்குள்ளேயே என் பட்டறைக் கருவி ஒன்று வேலை செய்திருக்கிறது என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அந்த வேலை என்றைக்காவது பழுதாகிவிடுமோ என்று அன்றிலிருந்து பயந்துகொண்டே இருந்தவன் நான்.

வில்லியனூரிலிருந்து திருக்கனூர் போகும் சாலையில் என் பட்டறை இருக்கிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறிய துளை போட்டு உள்ளே விடுகிற நீளமான அறுவைக் கருவிகளைச் செய்கிறோம். சாதாரணக் கருவி நேராகத்தான் போகும். நாங்கள் செய்ததற்கு நுனியில் ஒரு கழுத்து உண்டு. வெளியே கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே அது வளையும். வளைந்தால் போதும், உலகம் நம் கையில் என்ற நினைப்பில் முதல் கருவியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் பாகூர் பக்கம் கடலோரத்தில், மீன் விற்கிற குடும்பத்தில் பிறந்தவர். அன்று அவருடைய அண்ணன் வீட்டிலிருந்து இறால் வந்திருந்தது. ஒரு மருந்து அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பார்ப்பதற்கு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, உள்ளே ஓர் இறாலை வைத்தார். அதன் முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பைச் சதை கிழியாமல் எடுக்க வேண்டுமாம். கழுத்து அழகாக வளைந்தது. நரம்பைப் பிடிக்க நுனியிலிருக்கும் இடுக்கி வாயை மூடியதுதான் தாமதம், நுனி பக்கவாட்டில் ஓடி இறாலைப் பிய்த்துப் போட்டது.

"நல்லாதான் வளையுது. புடிச்சா தானா திரும்புதே? இது இறாலு. ஆளா இருந்தா இன்னாபா பண்ணுவ?"

எனக்குச் சுருக்கென்றது. இறாலை வைத்து இன்ஜினியரிங்கைச் சோதிப்பார்களா என்று திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று என் மனைவி கேட்டதில் கோபம் இன்னும் ஏறியது.

தப்பு எதுவும் இல்லை. வாயை மூடுகிற கம்பி கழுத்தின் ஓரமாகப் போனது, இழுத்தால் வாயோடு சேர்த்துக் கழுத்தையும் இழுத்தது. அதை நட்டநடுவே போகும்படி மாற்றினோம். உடனே அடுத்த தொல்லை. புதுக் கம்பி பழகப் பழக நீண்டு தளர்ந்தது. கைப்பிடியைத் திருப்பினால் நுனி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. கம்பிகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, நீள வேண்டியதை எல்லாம் முன்பே நீளவிட்டு, அப்புறம்தான் கருவியில் பூட்டினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இறால் வாங்கிச் சோதித்தோம். பட்டறை நாறியது. பூனைகள் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டன. லேத் ஓட்டுகிற முருகன், இதற்குப் பேசாமல் மீன்கடையே வைத்திருக்கலாம் என்று சலித்துக்கொண்டார்.

ஓரளவு சரியாக வந்ததும் டாக்டரம்மா அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். "நானும் மனுஷிதானபா. நாள் பூரா நின்னா கை அசந்து போவும். கைய எடுத்தாலும் வெச்ச எடத்துல அது நிக்கணும்." வளைத்த கழுத்தை அப்படியே நிறுத்திவைக்க ஒரு பூட்டு வேண்டும் என்று அதற்கு அர்த்தம். முதலில் வைத்த பூட்டைத் திறக்க முடியவில்லை, இரண்டாவது மூட முடியவில்லை. இரண்டுக்கும் வாங்கிய திட்டை இங்கே எழுதினால் அச்சுக்கு ஆகாது. ஒரு வழியாக இறால் முழுசாகவும் நரம்பு தனியாகவும் வெளியே வந்த அன்று, ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நாளைக்கும் இதே மாதிரி எடுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

முறைப்படியான சோதனைகளும் அனுமதிகளும் முடிந்து கருவி தியேட்டருக்குள் போனது. பல பேருக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அப்புறம்தான் அவருக்கே குடலின் அடிப்பகுதியில் கட்டி என்று தெரிந்தது.

சென்னைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ தன் ஆஸ்பத்திரியிலேயே, தன்னிடம் வேலை பார்க்கிற இளம் சர்ஜன் கையாலேயே, என் கருவியை வைத்தே செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டார். கட்டியை வெட்டி எடுத்து, இடுப்புக்குள் ஆழத்தில், நேரான கருவி எட்டாத சந்தில் குடலை மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம், பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஊர்ல இருக்கறவங்க வயித்துல வுட்டப்ப ஒண்ணும் சொல்லலியே நீ. என் வயித்துக்கு மட்டும் ஆவாதா?"

ஆபரேஷன் நாளன்று தியேட்டருக்கு வெளியே, அவர் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் அவர், சாது. எனக்கே அவர்தான் தைரியம் சொன்னார். மதியம் தாண்டிச் செல்வி வெளியே வந்தாள். முகமூடியை இறக்கி, என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னாள். "ஆடலண்ணா." பூட்டிய இடத்திலேயே கருவியின் நுனி நின்றிருக்கிறது.

அத்தோடு முடிந்ததா? தையல் பிடித்ததா என்று தெரிய நாளாகும். வயிற்று ஆபரேஷன் ஆனவரிடம் நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். நானும் செல்வியிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். "காத்து பிரிஞ்சிடுச்சிபா. போயி சோறு துன்னு." ஒரு பெரிய மனுஷி வாயு பிரிந்த சேதியைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதது அன்றுதான்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவர் நன்றாகத்தான் இருந்தார். நான்தான் நன்றாக இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவர் போகும்போது முடிவைக் கேட்க வாசலில் போய் நின்றுவிடுவேன். தன் வயிறு ஒழுங்காக இருக்கிறது, என் மூஞ்சியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை என்று அவர் கேலி செய்வார்.

செல்வி சேதி சொன்ன அன்று அவருடைய பாகூர் வீட்டுக்குப் போனபோது, வாத்தியார் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் பயம் நான் கேட்காமலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ராத்திரி இறா தொக்கு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்ட்டா. வயிறு ஒரு நாளும் அவளத் தொந்தரவு பண்ணலபா" என்றார். இத்தனை வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அங்கே இறங்கியது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியவரை நான் கைவிட்டுவிடவில்லை. அது போதும் எனக்கு.

கருமாதி முடிந்த மறுநாள் பட்டறையைத் திறந்தேன். அனுப்ப வேண்டிய கருவிகள் மேசையில் இருந்தன. முருகன் கேட்காமலேயே இறால் வாங்கி வந்திருந்தார். பூனைகளும் வந்துவிட்டன. பெட்டிக்குள் கருவியை விட்டு, கழுத்தை வளைத்து, நரம்பைப் பிடித்துப் பூட்டைப் போட்டேன். அதற்கு மேல் கண் தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சோதனைதான். கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வளைத்த கழுத்து வைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது.