கிளாக்கர் வீட்டுச் செடி ஏன் பூக்கவில்லை?

சென்ற சனிக்கிழமை காலையில் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் ஒரு கிளை.

"மாஸ்டர், இதுக்கு என்ன வந்திருக்குண்டு பாருங்க. எல நல்லா ஈக்கிது, பூவக் காணல்ல. பொஞ்சாதி என்னத்தான் ஏசுறா."

"எரு போட்டீர்களா?"

"போடாமலா? கிழமைக்கு ரெண்டு கூடை!"

இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் முற்றத்து வண்ணத்துப்பூச்சிச் செடியைப் பற்றி ஒரே ஒரு வாரம் எழுதினேன் — ஊதாக் கதிர்களாகப் பூக்கும், மணம் வீசும், வண்ணத்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும் என்று. அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

ஆகவே பொதுவில் சொல்லிவிடுகிறேன். எருவைக் கொட்டினால் இலைதான் கொழுக்கும். பலா மரத்தின் நிழலில் நட்டுவிட்டுப் பூவை எதிர்பார்ப்பது நியாயமா? கண்டி மழை தேங்கும் பள்ளத்தில் வைத்தால் வேர் அழுகாமல் வேறென்ன செய்யும்? மேட்டில் நடுங்கள். வெயிலில் நடுங்கள். வாடிய கதிர்களை நறுக்கிவிடுங்கள். பிறகு... தயவுசெய்து சும்மா இருங்கள். இங்கிலாந்தில் அச்சான புத்தகம் வசந்தகாலத்தில் கவாத்துச் செய்யச் சொல்கிறதே என்று கேட்காதீர்கள். நமக்கு வசந்தம் எந்த மாதத்தில் வருகிறது?

இவ்வளவையும் சரிசெய்த பின்னரும் பூக்காத செடி உண்டா? உண்டு. அது என் தெருக்கோடியில், ஒரு கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பரின் வீட்டில் நின்றது. கன்று கொடுத்தவன் நான். எனவே குற்றவாளியும் நானே.

"மலட்டுக் கன்றைத் தந்து என்னை ஏமாத்திப் போட்டீர், மாஸ்டர்" என்று தொடங்கினார்.

பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மாற்றினோம். எருவை நிறுத்தினோம். நிழல் தந்த கிளையை வெட்டினோம். செடி அடர்ந்தது, தழைத்தது, பளபளத்தது. பூ மட்டும் இல்லை.

"எனக்கு விளங்கியிட்டுது" என்றார் ஒரு நாள். "காத்தாயி தண்ணி ஊத்திறேல்லை. வாற மாசம் பூக்காட்டி அவளை நிப்பாட்டிப் போடுவன்."

காத்தாயி அவர் வீட்டு வேலைக்காரி. புசல்லாவைத் தோட்டம் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவள். தேயிலை விலை விழுந்தபோது தோட்டத்துத் துரை கூலிப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார். கிளாக்கர் வீட்டுப் பின்னறையே இப்போது அவளுக்கும் மகள் பாக்கியத்துக்கும் வீடு. பாக்கியம் எங்கள் பாடசாலையில் படிக்கிறாள். வேலை போனால் அறை போகும், அறை போனால் பள்ளிக்கூடம் போகும். பிறகு அக்கரைக்கு, இந்தியாவுக்கு, கப்பல்தான். ஒரு செடி பூக்காததற்கு இத்தனை தண்டனையா?

அடுத்த ஞாயிறு காலையில் மறுபடியும் போனேன். கிளாக்கர் குளித்துக்கொண்டிருந்தார். செடியருகே நின்றேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த காத்தாயி, வேலையை விட்டுவிட்டு என்னிடம் பேச வந்தாள்.

"வாத்தியாரய்யா, பாக்கியம் கணக்குல எப்புடிங்க?"

"நன்றாகச் செய்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். பார்த்தேனா... திகைத்தேன்!

கண்கள் என்மீது. விரல்கள் செடியின்மீது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனிகளைக் கிள்ளுகின்றன. கிள்ளிய நுனிகள் தோளுக்கு மேலாகப் பின்னால் பறக்கின்றன, அங்கே இல்லாத கூடைக்குள். அவளுக்குப் பின்னே புல்லில் ஒரு பிடி கொழுந்து கிடந்தது!

இந்தச் செடி நுனியில் அல்லவா பூக்கும்?

"காத்தாயி, என்ன செய்கிறாய்?"

அவள் தன் கையை அப்போதுதான் பார்த்தாள். "அட நாசமாப் போற கையே!" என்று அதை மற்றக் கையால் அடித்தாள். "சத்தியமாத் தெரியாதுங்க. செடிகிட்ட நின்னா கை சும்மா கெடக்க மாட்டேங்குது. ஐயாகிட்ட சொல்லிப்புடாதீங்க... புள்ள படிப்புப் போயிரும்."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமன்று. மாதக்கணக்காக மண்ணைத் தோண்டி, மரத்தை வெட்டி, என் படிப்பையெல்லாம் கொட்டி ஆராய்ந்தது இதற்குத்தானா? ஆனால் யார்மீது எரிந்து விழுவது? அந்த விரல்களைப் பதினாறு ஆண்டுகள் பழக்கியது யார்? அவை எடுத்த கொழுந்தைத்தானே நாமெல்லோரும் காலை மாலை குடிக்கிறோம்? உண்மையைச் சொல்வது என் கடமை. சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். காத்தாயி எங்கே போவாள்?

கிளாக்கர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"நுனி ஒடிபடுகுது" என்றேன். "இரண்டு மாசத்துக்கு ஒருத்தரும் செடியில் கை வைக்கப்படாது."

"ஆர் ஒடிக்கிறது?"

"காலமையில் ஒவ்வொரு நுனியாக விரிச்சு மொட்டுத் தேடுறது ஆர்?"

அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் துவாயில் துடைத்துக்கொண்டார். நான் சொன்னது பொய்யன்று. முழு உண்மையுமன்று. இதை இங்கே எழுதுவதற்கு எனக்குள்ள துணிவு ஒன்றே — அவர் ஆங்கிலப் பத்திரிகை தவிர வேறெதையும் தொடமாட்டார்.

நேற்று மாலை ஆள் அனுப்பி அழைத்தார். போனேன். செடி முழுவதும் ஊதாக் கதிர்கள். கிள்ளிக் கிள்ளிக் கிளைத்த செடியல்லவா, என் செடியைவிட மூன்று மடங்கு பூ! வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளிக் காத்தாயி இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிளாக்கர் என் காதில் சொன்னார்: "கவனிச்சீரோ? முந்தி இப்பிடி நிக்க மாட்டாள். நான் ஒருக்கா வெருட்டினதோட மரியாதை படிச்சிட்டாள். இனி அவளை நிப்பாட்டத் தேவையில்லை."

நான் வாயைத் திறந்தேன். பாக்கியத்தின் நினைவு வந்தது. மூடிக்கொண்டேன்.

அவர் தேநீர் குடிக்க உள்ளே போன பிறகும் காத்தாயி கையை அவிழ்க்கவில்லை — செடி ஒரு முழத் தூரத்தில் அல்லவா நின்றது!