மூன்று புள்ளடிகள்

அந்த வாக்குச் சீட்டை முழுதாகப் பார்க்க இரண்டு கைகளையும் விரிக்க வேண்டியிருந்தது. சில்க்போர்க்கில் ஒரு விளையாட்டு மண்டபம், நவம்பர் மாதப் புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். டென்மார்க்கில் நகராட்சித் தேர்தல் செவ்வாய்க்கிழமை நடக்கும். கட்சிகளுக்கு விழுந்த வாக்குகளை அன்றே எண்ணிவிடுவார்கள். கட்சிக்குள் எந்த ஆளுக்கு எத்தனை என்பதை மறுநாள் பகலில், ஆறுதலாக, ஒவ்வொரு சீட்டாக விரித்துப் பார்த்து எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கைக்கு நானும் ஒருவனாகப் போயிருந்தேன். என் கையில் இருந்த சீட்டில், தேர்தலில் நின்ற என் மச்சாளின் பெயருக்கு நேரே, பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி இருந்தது. அதே கட்சியில் நின்ற ஒரு டொக்டரின் பெயருக்கு நேரே இன்னொன்று. பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயருக்கு நேரே மூன்றாவது. மூன்றும் ஒரே அளவில், கட்டத்துக்கு வெளியே ஒரு கோடும் போகாமல் கவனமாக இடப்பட்டிருந்தன. எங்கள் மேசைக்குப் பொறுப்பான டெனிஷ் பெண்மணி எட்டிப் பார்த்தார். யாருக்கோ மூன்று பேரையும் பிடித்திருக்கிறது என்று சிரித்தபடி, சீட்டை மச்சாளின் அடுக்கில் வைக்காமல் கட்சியின் பொது அடுக்கில் வைத்தார். ஒரு கட்சிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் புள்ளடி போட்டால் வாக்கு கட்சிக்குச் சேரும், ஆளுக்குச் சேராது. விதி அதுதான். பத்து நிமிடத்தில் அதேபோல இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. நான்காவது வந்தபோது அவற்றைத் தனியாக எண்ணத் தொடங்கினேன்.

மச்சாள் என் மனைவியின் அக்கா. நகருக்கு வெளியே இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பராமரிப்பு வேலை செய்கிறவர். அரசியல் கதைக்கிற வீடுகளில் அவர் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றபோது நாங்கள் நம்பவில்லை. காரணம் ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இல்லத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லாத வயதானவர்கள் அங்கே இருக்கும் கணவனையோ மனைவியையோ அன்று வந்து பார்க்க முடியாது. அவர்களில் ஒருவர் எங்கள் தபாலதிபர் ஐயா. ஊரில் உப தபாலகம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பதால் இங்கேயும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நினைவு மங்கிப்போன அவருடைய மனைவி மச்சாளின் பிரிவில் இருந்தார். ஞாயிறு முழுக்க அந்த அம்மா கதவைப் பார்த்தபடியே இருப்பாராம். “நான் பக்கத்தில இருந்து கையைப் பிடிக்கலாம். பஸ்ஸை ஓட வைக்கிறது நகரசபைதானே” என்று மச்சாள் சொன்னார். அவருடைய தேர்தல் பேச்சு கடைசிவரை அவ்வளவுதான்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எழுதி வைக்காவிட்டால் எனக்கு நாள் முடியாது. நாட்குறிப்போடு, கட்டம் போட்ட கொப்பி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் முதன்முதலாக வாக்குப் போட்ட ஆண்டிலிருந்து எங்கள் வாக்குச்சாவடியின் முடிவுகள் அதில் இருக்கின்றன. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால், கனடாவில் அண்ணர் இருக்கும் மாகாணத் தொகுதியின் வரலாறு. இரண்டு தொகுதிகளை உடைத்து அதை உருவாக்கியது, பிறகு எல்லையை மாற்றியது, பெயரை நீட்டியது, நடுவில் ஓர் இடைத்தேர்தல், ஒவ்வொரு முறையும் யார் எத்தனை வாக்கால் வென்றார் என்பது எல்லாம் உண்டு. தேர்தலுக்கு மறுநாள் அண்ணர் தொலைபேசியில் வாசிப்பார், நான் எழுதுவேன். அங்கே தொகுதிக்கு ஓர் உறுப்பினர், ஆளுக்கு ஒரு புள்ளடி, கூட எடுத்தவர் வென்றவர். எங்கள் சீட்டின் மாதிரியைப் படம் எடுத்து அனுப்பியபோது, “இதென்னடா, மேசைக்கு விரிக்கிற சீலையோ?” என்று கேட்டார். இரண்டு நாட்டுத் தேர்தல்களை இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த எனக்கு, பிறந்த நாட்டில் எப்படி வாக்குப் போடுவார்கள் என்பது அப்போது சரியாகத் தெரியாது. பதினெட்டு வயதில் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். அங்கே ஒருமுறையும் போட்டதில்லை.

தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்த கையோடு ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்களில் பலர் முப்பது வருடமாக இந்த நகரில் வரி கட்டியும் ஒரு தேர்தலிலும் வாக்களிக்காதவர்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு. எத்தனை மணிக்குத் திறக்கும், தபாலில் வரும் வாக்கு அட்டையை என்ன செய்வது, மறைப்புக்குள் யார் கூட வரலாம் என்றெல்லாம் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் பக்கம் முடிந்தபோது தபாலதிபர் ஐயா எழும்பினார். “தம்பி, ஒரு கட்சிக்குள்ள மூண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் வாக்குப் பழுதாகுமோ?” என்று கேட்டார். நான் விதியை வாசித்திருந்தேன். “பழுதாகாது ஐயா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்ப அமர்ந்தார். பின்வரிசையிலும் சிலர் தலையாட்டினார்கள். நான் இரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.

என் பதிலில் ஒரு சொல்லும் பிழை இல்லை. அவர் ஏன் கேட்டார் என்பதைத்தான் நான் கேட்கவில்லை. ஊரில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, அந்தக் கட்சிக்குள் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம், மூன்றும் ஆளுக்கு ஒன்றாகச் சேரும் என்பதைப் பிறகுதான் கேட்டு அறிந்தேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தேர்தல் என்றால் அதுதான். மச்சாளுக்கு ஒன்று, நெஞ்சுவலி வந்தபோது பார்த்த டொக்டருக்கு ஒன்று, பிள்ளைகளைப் படிப்பித்த ஆசிரியைக்கு ஒன்று. ஒருவரையும் மனம் நோகவிடாத கணக்கு. அந்தப் புதன்கிழமை என் மேசைக்கு மட்டும் அப்படி இருபத்துமூன்று சீட்டுகள் வந்தன. மச்சாள் பதினொரு வாக்கால் இடத்தை இழந்தார். கட்சிக்குக் கிடைத்த கடைசி இடம் ஒரு பண்ணைக்காரருக்குப் போனது. அண்ணர், பதினொன்று என்றால் தங்கள் தொகுதியில் திரும்ப எண்ணக் கேட்டிருப்பார்கள் என்றார். திரும்ப எண்ணினாலும் அதே எண்தான் வரும் என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, மச்சாளின் வேலை முடியும் நேரம் பார்த்து, இல்லத்தின் கார் தரிப்பிடத்தில் நின்றேன். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் அனுப்புவதற்காக, நடந்த பிழையை விளக்கி, மன்னிப்புக் கேட்டு எழுதியது. மச்சாள் வேலை உடுப்போடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் எத்தனை என்று கேட்டார். இருபத்துமூன்று என்றேன். “அப்ப அவ்வளவு பேரும் வெளிக்கிட்டு வந்திருக்கினம்” என்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. பிறகு கடிதத்தை வாங்கி, என் காரின் கூரையில் வைத்து முழுதும் வாசித்தார்.

“இதை ஒருத்தருக்கும் அனுப்பாதேயும்” என்றார். “முதல்தரம் துணிஞ்சு போய்ப் போட்டதுகள். பிழையாப் போட்டிட்டியள் எண்டு தபால் வந்தால் அடுத்தமுறை வீட்டை விட்டு வெளிக்கிடாதுகள். ஐயாவை யோசிச்சுப் பாரும். மனிசிக்காகப் போட்ட வாக்கு.”

அவருக்காவது உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, “நீர் கெடுத்ததை நீர்தான் திருத்தவேணும். ஆனா கடிதம் எழுதி இல்லை” என்றார். பிறகு, குளிருது, காரில் ஏறும் என்றார். வழியில் அவர் வேறு கதைதான் கதைத்தார். தன் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோதுதான் கண் சிவந்திருந்ததைக் கண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்களில் மச்சாள் அதைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லை. சென்ற ஆண்டு மீண்டும் வேட்பாளரானார். செப்டெம்பரில் தமிழ்ப் பள்ளியின் ஒன்றுகூடலுக்கு ஒரு தேர்தல் வைக்க வேண்டும் என்று மச்சாளிடமிருந்து எனக்குக் கட்டளை வந்தது. அடுத்த விழாவுக்கு என்ன பலகாரம் செய்வது என்பதற்கான தேர்தல். உறைப்புக் கட்சியில் ரோல்ஸ், கட்லட், வடை. இனிப்புக் கட்சியில் கேசரி, லட்டு, பயத்தம் பணியாரம். சீட்டை உண்மையான சீட்டின் நீளத்துக்கே அச்சடித்தேன். மறைப்புக்குத் திரைச்சீலை கட்டினோம். அண்ணர் சொன்ன மேசைச் சீலைப் பகிடியை நான் மண்டபத்தில் சொன்னபோது நல்ல சிரிப்பு. எல்லோர் முன்னிலையிலும் எண்ணினேன். மூன்று புள்ளடி இட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி, கட்சியின் பொது அடுக்கில் வைத்தேன். உறைப்புக் கட்சி பெருவாரியாக வென்றது. ஆனால் ரோல்ஸுக்கு ஒரு வாக்கும் இல்லை. ஒரே ஒரு புள்ளடி போட்ட நாலைந்து சின்னப் பிள்ளைகளின் தயவில் கட்லட் வென்றது. பிள்ளைகள் டெனிஷில் கத்தினார்கள், பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

தபாலதிபர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. “நான் ரோல்ஸுக்கும் போட்டனான் தம்பி. அது எங்க?” என்றார்.

மூன்றுக்குப் போட்டால் கட்சிக்குத்தான் சேரும், ஆளுக்கு ஒன்றும் சேராது என்றேன். அவர் சீட்டு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப போனமுறை...” என்று தொடங்கினார். மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு குறுக்கே வந்தார். “போனமுறை போனமுறைதான் ஐயா. இந்தாங்கோ, சீனி போட்டிருக்கு.”

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. “போனமுறை நீங்கள் சரியாத்தான் கேட்டனீங்கள் ஐயா. நான்தான் அரைவாசிப் பதில் சொன்னனான்” என்றேன். மச்சாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஐயா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். “வாக்குப் பழுதாகேல்லைத்தானே” என்றார். “கட்சிக்காவது போய்ச் சேர்ந்திருக்கு. பரவாயில்லை, இருக்கிற சீட்டைத் தாரும், இன்னொருக்கால் போட்டுப் பாப்பம்.” மண்டபமே இரண்டாவது முறை வாக்களித்தது. ரோல்ஸ் வென்றது.

நவம்பர் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வாக்குச்சாவடி திறந்தபோது வரிசையில் மூன்றாவதாக ஐயா நின்றார். சீட்டுக் கொடுக்கிற மேசையில் நான். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறைப்புக்குள் நிறைய நேரம் நின்றார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். மறுநாள் எண்ணிக்கையில் என் மேசைக்கு மூன்று புள்ளடிச் சீட்டு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அது யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. மச்சாளின் அடுக்கு உயர உயர, மேசைப் பொறுப்பாளர் அதை இரண்டாகப் பிரித்து வைத்தார்.

முடிவை அறிவித்ததும் வெளியே வந்து மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வேலையில் இருந்தார். எங்கள் சாவடியில் மொத்தம் எத்தனை பேர் வந்து போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். போனமுறையைவிடக் கூடவோ என்றார். கூட என்றேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு விழுந்த வாக்குகளைச் சொன்னேன், கட்சிக்குள் இரண்டாவதாக வந்து சபைக்குத் தெரிவாகிவிட்டார் என்பதையும் சொன்னேன்.

ஐயாவுக்கும் இப்போதே எடுத்துச் சொல்கிறேன் என்றேன்.

“வேண்டாம். அவர் இஞ்சதான், மனிசியோட இருக்கிறார். இண்டைக்குப் பஸ் ஓடுற நாளெல்லோ” என்றார். “இதை நான்தான் அவருக்குச் சொல்லுவன்.”

தொலைபேசியை வைக்க மறந்துவிட்டார் போலும். தாழ்வாரத்தில் அவர் நடந்து போகும் சத்தமும், ஒரு கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. நான் மண்டபத்தின் வாசலில், பேனையைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் எழுதாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.