யூதாஸுக்கு என் முகம்

வரதராஜன்பேட்டையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்குள்ள மாதா கோயிலின் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கும் பெரிதாக ஒரு படம் வரைந்திருக்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவை அவருடைய சீடன் யூதாஸ் காட்டிக்கொடுக்கும் காட்சி. இருட்டில் ஆள் அடையாளம் தெரியாது என்பதால், நான் யாரை முத்தமிடுகிறேனோ அவர்தான் என்று காவலர்களிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டு வந்தவன் அவன். படத்தில் தீவட்டிகள் எரிகின்றன. ஈட்டிக்காரர்கள் நெருங்குகிறார்கள். ஓரத்தில் இன்னொரு சீடர் பேதுரு வாளை உருவிவிட்டார். நடுவில் இயேசுவின் கன்னத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கும் யூதாஸின் முகம் என்னுடையது.

சாயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு இருக்கிறது. மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு மூக்குக் கண்ணாடித் தடம் எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் எனக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, ஆளாக்கியவள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் கோயில் கமிட்டியில் இருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள். அவர்களுக்கு ஒரே மகள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வரச் சொன்னாள். கறிக்குழம்பு. மச்சான் நல்லி எலும்பாகத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார்.

“மாப்ள, ஒங்ககிட்ட சொல்லாம செய்வனா? பாப்பாவுக்கு எடம் முடிவாயிடுச்சு. மாப்பிள்ளை செந்துறைப் பக்கம். கல்லு லாரி ஓடுது. தங்கமான ஆளு.”

“பாப்பா இன்னும் பிளஸ் ஒன்தானே மச்சான்?”

“படிச்சுக் கலெக்டராவா ஆவப்போவுது? நான் கட்டுறப்ப ஒங்க அக்காவுக்கு என்ன வயசு? நல்லாத்தானே இருக்கா?”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோயிலில் சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டாரே என்றேன். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு பூசையில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். வயது வராத பெண்ணுக்கு வாசிக்க மாட்டார்கள்.

“அதுக்குத்தான் மாப்பிள்ளை ஊரு மண்டபம். தவக்காலம் தொடங்குறதுக்குள்ள தாலிய கட்டிடுவோம். வயசு வந்ததும் இங்க கோயில்ல வந்து மந்திரிச்சுக்கலாம்.”

“வேணாம் மச்சான். இது சட்டப்படி தப்பு. மாப்பிள்ளைக்கு முப்பது தாண்டியிருக்கும்போல.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “சாப்பிடுங்க மாப்ள, ஆறிடப்போவுது” என்று மட்டும் சொன்னார். அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு பாப்பா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். என்னைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது மறுபடி சொன்னேன். அக்கா என்னைத் தெருவரைக்கும் கொண்டுவந்து விட்டு, “நீ இதுல தலையிடாத. இது எங்க வூட்டு விஷயம்” என்றாள். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை வெளியே நிறுத்திப் பேசினாள்.

அரியலூரில் பஸ் மாற இறங்கினேன். பெரம்பலூர் பஸ் நின்றிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு மூலையில் போய் நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். ஊர், வீடு, மண்டபம் எல்லாம் சொன்னேன். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?” என்றாள். தாய்மாமன் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, அந்தப் போனுக்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அதிகாரிகள் போலீசோடு வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். பதினெட்டு முடியும்வரை செய்ய மாட்டேன் என்று மச்சானிடம் எழுதி வாங்கினார்கள். தகவல் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்த வீட்டில் எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவன்தான்.

அக்கா போன் செய்தாள். அலோ கூடச் சொல்லவில்லை.

“எந்தக் கையால போன் பண்ணின? என் வூட்டுல சோத்தப் பெசைஞ்ச கைதானே அது? ஈரம் காயறதுக்குள்ள போயி சொல்லிட்டியா?”

“அக்கா, பாப்பா சின்னப் புள்ள.”

“நீயுந்தான் சின்னப் புள்ளையா இருந்த. நான் ஒன்ன யாருகிட்ட புடிச்சுக் குடுத்தேன்?”

வைத்துவிட்டாள். மச்சான் நேரிலேயே வந்தார். காலை நேரம், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“இவன்கிட்ட ரத்தம் குடுக்காதீங்க” என்று கத்தினார் மச்சான். “கூடப் பொறந்தவ ரத்தத்தையே காட்டிக் குடுத்தவன் இவன். யூதாஸ் பய!”

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு யூதாஸ் யாரென்று தெரிந்திருக்காது. ஆனால் வசவு என்று புரிந்துவிட்டது. முதலாளி என்னை அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

தவக்காலத்தின் நடுவில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் போனில் ஒரு படம் அனுப்பினான். கோயில் சுவரில் புதிதாக வரைந்திருப்பதாகவும், செலவு முழுக்க என் மச்சானுடையது என்றும் எழுதியிருந்தான். கீழே ஒரு வரி: ‘பாத்துட்டு மனச விட்ராத.’

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்துக்குப் பிறகு அந்த நிலையையும் அடையாளம் கண்டேன். பக்கவாட்டில் சாய்ந்த தலை, மூடிய கண், குவித்த உதடு. அது ஒரு போட்டோ. பாப்பா சிறுமியாக இருந்தபோது கோயிலில் முதல்முறை நற்கருணை எடுத்த புதுநன்மை அன்று, வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக நின்றவளைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்தபோது எடுத்தது. குழந்தையை எடுத்துவிட்டு அங்கே இயேசுவை வைத்திருக்கிறார்கள். என்னை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படத்தில் இயேசுவுக்கு ரோஜா நிறம். பேதுருவுக்கும் காவலர்களுக்கும்கூட வெளுத்த தோல். யூதாஸ் ஒருவன்தான் கறுப்பு, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல. சின்ன வயதில் காலண்டர்களில் பார்த்த யூதாஸும் இப்படித்தான் இருந்தான். அப்போது உறைக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். போகாதே என்று மனைவி சொன்னாள். போகாவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றேன்.

சிலுவைப் பாதை ஊர்வலம் அந்தச் சுவருக்கு எதிரில்தான் தொடங்குகிறது. கூட்டம் என்னைப் பார்க்கும், பிறகு சுவரைப் பார்க்கும், பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கும். என் பக்கத்தில் நிற்கவேண்டியவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். புதிதாக வந்திருந்த சாமியாரிடம் முன்பே போய்ப் பேசினேன். “படம்தானேங்க. மனசுல வச்சுக்காதீங்க. கமிட்டியில பேசுறேன்” என்றார். பேச மாட்டார் என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது.

சடங்கு முடிந்து கூட்டம் கலையும்போது நேராக மச்சானிடம் போனேன்.

“இதை அழிங்க.”

“எதை?”

“என் மூஞ்சியை.”

“யூதாஸ் மூஞ்சி யாருக்கு வேணாலும் இருக்கும். ஒனக்கு ஏன் உறுத்துது?” ‘மாப்ள’ என்ற அழைப்பு போய்விட்டது, ‘நீங்க’ போய்விட்டது.

“அவன் காசு வாங்கிட்டுக் காட்டிக் குடுத்தான். நான் என்ன வாங்கினேன்?”

“நல்ல பேரு வாங்கினியே, ஆபீசருங்ககிட்ட.”

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். யாரோ என்னைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். “சொந்தப் பொண்ண லாரிக்காரனுக்குத் தள்ளிவிடப் பாத்த ஆளு நீ. ஒன் மூஞ்சியை எங்கய்யா வரையிறது?” என்று கத்தினேன். பெரிய வெள்ளி அன்று கோயில் வாசலில் இப்படிக் கத்தியவன் என்ற பேரும் அதோடு சேர்ந்துகொண்டது.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து பாப்பா வந்தாள். முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“கல்யாணம் வேணுமான்னு அப்பா கேக்கல. போன் பண்ணட்டுமான்னு மாமாவும் கேக்கல. போலீஸ் வூட்டுக்குள்ள வந்தப்ப நான் எப்புடி நின்னேன்னு யாருக்காச்சும் தெரியுமா? இப்ப செவுத்துல வேற. அது என் போட்டோ. ஆல்பத்துலேருந்து உரிச்சுக் குடுத்தது யாரு?”

பின்னாலிருந்து அக்காதான் சொன்னாள்.

“நான்தான் குடுத்தேன். என்னடி இப்ப?”

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை, தலை குனியவில்லை. மச்சான் செய்த வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் கோபம் எல்லாம் அவர்மீதுதான் இருந்தது. அவள் தன் கையால் அந்தப் போட்டோவை உரித்து, இதிலிருக்கிற முகத்தை யூதாஸுக்கு வை என்று கொடுத்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்காமல் நடக்கத் தொடங்கிவிட்டேன். ஜெயங்கொண்டம் போகிற யாரோ ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

காட்டிக்கொடுக்க வந்தவனை இயேசு நண்பனே என்று அழைத்ததாக வேதத்தில் இருக்கிறது. சிறு வயதில் அதை மன்னிப்பு என்று சொல்லித்தந்தார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. தெரிந்தே சொல்லப்பட்ட அந்தச் சொல் ஒரு அடி. அக்காவிடமிருந்து அந்த அளவுகூட எனக்குக் கிடைக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் சுவரைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போகிறாள்.

அடுத்த வருஷம் பாப்பா பிளஸ் டூ முடித்தாள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் லேபில் கூட்டம் குறைந்த நேரம், வாசலில் வந்து நின்றாள். கல்லூரிக்கு ரத்த வகை வேண்டுமாம்.

பெரம்பலூரில் எத்தனையோ லேப் இருக்கிறது. ஏன் இங்கே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கையை நீட்டினாள். நரம்பு சுலபமாகக் கிடைத்தது.

“வலிக்குதா?”

“வேலையைப் பாருங்க.”

பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து விடுதிக்கான காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அப்பா கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. அம்மாவும்தான். யாராச்சும் பெரியவங்க போடணும். நீங்க போடுங்க.”

பேனாவை எடுத்தேன். அவள் காகிதத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது மாமா.”

“அதை நீ சொல்லணும்னு நான் எதிர்பாக்கல.”

“அந்த லாரிக்காரன் வேற கல்யாணம் பண்ணிட்டான். அதுவும் ஸ்கூல் படிக்கிற பொண்ணுதானாம். அதுக்கு யாரும் போன் பண்ணலபோல.”

அவள் குரலில் நன்றியும் இல்லை, பரிதாபமும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. யார்மீது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. விரலை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன். “வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.