முப்பதுன்னா முப்பது அடி இல்ல

என் கேமரா தலையில ஒரு வட்டத் திருகு இருக்கு. அதத் திருப்பினா 'எஸ்'னு ஒரு எழுத்து வரும். ரெண்டு வருசமா அத நான் ஸ்போர்ட்ஸ்னு நெனச்சிட்டிருந்தேன்.

மக பள்ளிக்கூடத்துல உயரம் பாய்றவ. விளையாட்டுப் போட்டி வந்தா நான் எஸ்ஸுக்குத் திருப்பி வச்சிக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பேன். ஸ்க்ரீன்ல 30னு ஒரு நம்பர் காட்டும். அது தூரம்னு நானே முடிவு பண்ணிட்டேன். மைதானத்துல காலால முப்பது அடி அளந்து சரியா அங்க போய் நிப்பேன். பக்கத்துல நின்ன ரெண்டு அப்பாமாருக்கும் இந்த ரகசியத்தச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவங்க இப்ப என்னயப் பத்தி என்ன நெனக்கிறாங்கன்னு தெரியல.

ரெண்டு வருசப் படத்துலயும் கம்பி தெளிவா இருக்கு, மெத்தை தெளிவா இருக்கு. மக இருக்க வேண்டிய எடத்துல மட்டும் மஞ்சளா ஒரு புகை. மஞ்சள் பள்ளிக்கூடத்துல அவ இருக்கிற இல்லத்துக் கலரு, சட்டையும் அதுதான். என் கொழுந்தியா படத்தப் பாத்துட்டு, "கம்பியில ஏன் துணி காயப் போட்டிருக்கு?"ன்னு கேட்டா.

இந்த வருசம் மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கடைசி வருசம். போட்டிக்கு மூணு வாரம் இருக்கயில சோறு போட்டுக்கிட்டே சொன்னா: "அப்பா, இந்தத் தடவ கேமரா வேணாம். சும்மா வந்து பாருங்க."

"ஏன், படம் சரியில்லயா?"

"படத்த விடுங்க. நீங்க அடி அளக்குறதப் பாத்து பிள்ளைங்க எல்லாம் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறாங்க. ஓட நிக்கிறப்ப எனக்கும் கேக்குது."

எனக்கும் ரோசம் இருக்குல்ல. ஒரே ஒரு சான்ஸ் கேட்டேன். அவ கம்பிக்கு மேல இருக்கிற படம், மொகம் தெளிவா, ஒன்னே ஒன்னு. வரலன்னா கேமராவ அலுமாரியில வச்சிப் பூட்டி, சாவிய அவ கையில குடுத்துருவேன்.

"சாவிய நான் திருப்பித் தரமாட்டேன்," அப்படின்னா. அவ சொன்னா சொன்னதுதான்.

அன்னைக்கே போன்ல வீடியோ பாத்தேன். மூணாவது வீடியோவுலதான் வெளங்குச்சு. 30ன்னா ஒரு செக்கன, ஒரு நொடிய, முப்பதா வெட்டி அதுல ஒரு துண்டு. அவ்வளவு நேரம் கேமரா கண்ணத் தொறந்து வச்சிருக்கும். அந்தக் கண்ணு மூடிக்குப் பேரு ஷட்டராம், எஸ்ஸும் அதுதானாம், ஸ்போர்ட்ஸ் இல்லயாம். பாயுற பிள்ளைக்கு அது ரொம்ப நேரமாம். ஆயிரமா வெட்டணுமாம்.

நாங்க இருக்கிறது கலஹா ரோட்டுல. நான் வேலைக்குப் போறது கண்டியில ஒரு ஹாட்வெயார் கடைக்கு. காலைல பஸ் ஏறுறதுக்கு அரை மணித்தியாலம் முந்தியே வளைவுல போய் நின்னு, பேராதனைக்கு எறங்குற பஸ்ஸுகள எடுத்துப் பழகினேன். முப்பதுல வச்சா பஸ் சிவப்பா ஒரு கோடு. இருநூத்தம்பதுல வச்சா போர்ட வாசிக்கலாம், ஆனா மிதிபலகையில தொங்குற கொண்டக்டருக்குக் கை இல்ல. ஆயிரத்துல வச்சா எல்லாமே கருப்பு.

கண்ணத் தொறந்த ஒடனே மூடினா வெளிச்சம் எப்படி உள்ள வரும்? அதுக்கு ஐஎஸ்ஓங்கிறத ஏத்தணுமாம். ஏத்தினேன். வெளிச்சம் வந்துச்சு, கூடவே படம் பூரா ரவை தூவின மாதிரி புள்ளி. பரவாயில்ல, மூக்கு வாய் தெரியுதேன்னு விட்டேன். லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை விசயம் மட்டும் இன்னும் மண்டையில ஏறல. சின்ன நம்பருக்குப் பெரிய ஓட்டையாம். எங்க கடையில ஆணிக்கு நம்பர் போட்ட ஆள்தான் இதுக்கும் போட்டிருக்கணும்.

ஒரு வாரத்துல இன்னொரு கூத்து. பஸ்ஸுகள் எல்லாம் வளைவுல மெதுவாப் போக ஆரம்பிச்சிருச்சு. ஆமை வேகத்துல போறத ஆயிரத்துல எடுத்து என்ன பிரயோசனம்? ஏன்னு வெளங்காம நின்னேன். நான் ஏறுற பஸ்ஸோட கொண்டக்டரே அடுத்த நாள் கேட்டான். சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் பேசுவான்.

"ஐயா, என்னா கேஸு? டெய்லி எங்க பஸ் படம் எடுக்குது. பொலிசுக்குக் குடுக்கவா?"

"ஐயோ இல்ல தம்பி, மகளுக்காக," அப்படின்னு மொத்தக் கதையவும் சொன்னேன். வேகமாப் போறதத்தான் எடுத்துப் பழகணும்னும் சொல்லித் தொலச்சேன். அவன் சிரிச்சிட்டு டிரைவர்கிட்ட சிங்களத்துல என்னமோ கத்தினான்.

அடுத்த நாள் காலைல அந்த பஸ் வந்துச்சு பாருங்க, ஹோர்ன் அடிச்சிக்கிட்டு, தேர் மாதிரி சாஞ்சிக்கிட்டு. கொண்டக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒத்தக் கையில தொங்குறான். ஜன்னல்ல ஒரு அம்மா தலைய நீட்டி, "யோவ் கேமராக்காரரே, ஒம்ம போட்டோவுக்கு நாங்க சாவணுமா?"ன்னு கத்திக்கிட்டே போச்சு. அழுத்திட்டேன். அந்த அம்மாவோட ஒவ்வொரு பல்லும் படத்துல தெளிவாத் தெரிஞ்சிச்சு. நான் ஒழுங்கா எடுத்த மொதப் படம், ஒரு அம்மா என்னயத் திட்டுற படம்.

அந்த அம்மா சொன்னது நியாயம். அன்னைக்கோட பஸ்ஸ விட்டுட்டு பக்கத்துப் பேக்கரிக்குப் பின்னால வர்ற காக்காவுக்கு மாறினேன். காக்கா சொன்ன பேச்சு கேக்காது, அதனால நல்ல பழக்கம். நூறு படத்துல தொண்ணூறு வெறும் வானம். அப்புறம் எண்பது. போட்டிக்கு மொத நாள் பாதிக்குப் பாதி காக்கா இருந்துச்சு.

போட்டியன்னைக்கு ஹந்தான மலைப் பக்கம் மேகம் கருத்துக்கிட்டு வந்துச்சு. நான் அடி அளக்கல. எண்ணலாம்னு காத்திருந்த பிள்ளைங்களுக்கு ஏமாத்தம். மெத்தைக்குச் சைடுல, அவ மொகம் தெரியுற பக்கமாப் போய் மண்டி போட்டேன். ஆயிரம். வெளிச்சம் பத்தல, ஐஎஸ்ஓவ இன்னும் ஏத்தினேன். கம்பிக்கு நடுவுல குறி வச்சி நிறுத்திக்கிட்டேன்.

கடைசில ரெண்டே பேரு. மகளுக்கு ரெண்டு தடவ கம்பி விழுந்துருச்சு. மூணாவது ஓட்டம். அவ எகிறினதும் அழுத்தினவன், மெத்தையில விழுற வரைக்கும் விரல எடுக்கல; கேமரா வரிசையா எடுத்துக்கிட்டே போச்சு. கம்பியும் விழுந்துருச்சு.

மத்தப் பிள்ள தாண்டிட்டா. இவ ரெண்டாவது.

தரையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்த மக எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்து கைய நீட்டினா. கேமராவக் குடுத்தேன். எனக்குப் பாக்கப் பயம். என் பொஞ்சாதிதான் எட்டிப் பாத்து, "என்னங்க, இங்க வந்து பாருங்க"ன்னா.

கம்பிக்கு மேல என் மக. கண்ணு தொறந்திருக்கு, வாய இறுக்கியிருக்கா, நெத்தியில ஒட்டின மயிர் கூடத் தெரியுது. கம்பி இன்னும் ஆடக் கூட இல்ல.

"இதப் பெருசாக்கி சுவருல மாட்டணும். இதுல தாண்டிட்ட மாதிரியே இருக்கு," அப்படின்னா அவ அம்மா.

மக அதுல ஒரு நிமிசம் கூட நிக்கல. அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு தட்டிக்கிட்டே போனா. ஏழாவது படத்துல நிறுத்திப் பெருசாக்கினா. கம்பியில குதிகால் முட்டுற படம், அதுவும் அவ்வளவு தெளிவு.

"இடுப்பு கம்பியத் தாண்டிப் போயிருச்சுப்பா. கால மேல தூக்கத்தான் லேட்டாகுது. ஸ்போர்ட்ஸ் மிஸ் எத்தனையோ தடவ சொன்னாங்க, நான் நம்பல." அப்படியே கேமராவோட மிஸ்ஸத் தேடிப் போயிட்டா.

ரெண்டாவது வந்ததால சுத்துவட்டாரப் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ற வலயப் போட்டிக்கு அவளையும் எடுத்திருக்காங்க. கேமராவத் திருப்பிக் குடுக்கயில கேட்டா: "நாளைக்குக் காலைல ப்ராக்டிஸ் இருக்கு. வர்றீங்களா?"

"படம் நல்லா இருக்கா இல்லயா, அதச் சொல்லு மொதல்ல."

"கால் தெரியுது," அப்படின்னா. "நாளைக்கும் இதே மாதிரி கால எடுங்க. மொகம் வேணாம்."

மூணு வாரமா மொகத்துக்காகப் பாடுபட்டவன் நான். சரின்னுட்டு பேட்டரிய சார்ஜுக்குப் போட்டேன்.