எங்கட ஊராள்

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு நாடுதான் பெயர். லண்டன் சித்தப்பா, சுவிஸ் மச்சாள், நோர்வே பெரியம்மா. அந்தப் பெரியம்மா என் அக்கா; அவளுடைய ஞானஸ்நானப் பெயர் என்னவென்று என் மகளைக் கேட்டால் முழிசுவாள். போன மாரியில் அவளுடைய புருசன், என் அத்தான், மாரடைப்பில் போனபோது, இங்கே டொரன்டோவில் ஸ்காபரோ முழுக்க ஒருவருக்கொருவர் போன் எடுத்து, "நோர்வே அத்தான் மோசம் போட்டாராம்" என்று சொல்லிக்கொண்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு பூசை வைத்தோம். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்கள். அக்கா அங்கே தனிய என்ன செய்யப்போறா?

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் இருக்கும் கிராமத்தில் ஒருகாலத்தில் மீன் தொழிற்சாலையை நம்பி ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் வளர வளர ஒவ்வொன்றாகத் தலைநகருக்குப் போய்விட்டன. இவள் மட்டும் அசையவில்லை. நான் அவளைக் கூட்டிவருவதென்று முடிவெடுத்தேன். அஜின்கோர்ட்டில் என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்கு வெளிர்நீலம் பூசி, புதுக் கட்டில் போட்டு, படமும் எடுத்து வைத்துக்கொண்டேன். நோர்வே பாஸ்போர்ட் இருக்கிறது, வந்து ஆறு மாதம் நிற்கட்டும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது என் திட்டம். நான் எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னோடு வர முன்வரவில்லை.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். விமானத்தில் தட்டு வந்ததும் மூடியைத் தூக்கி, பாண் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் சொல்லலாமென்று திரும்பினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டு விமானம் மாறி, பிறகு பஸ். அந்த நாட்டின் அழகைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. காலண்டரில் பார்த்தது எல்லாம் உண்மைதான். மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கி, மைல் கணக்காக உள்ளே வந்து அசையாமல் கிடக்கிறது. அதைத்தான் பியோர்ட் என்கிறார்கள். சிவப்புப் பூசிய வீடுகள், செங்குத்துச் சரிவில் பயமில்லாமல் மேயும் செம்மறிகள், குகைப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால் இன்னொரு மலை. ஓரிடத்தில் பஸ் வளைவில் திரும்பியபோது, எதிர்மலையின் உச்சியிலிருந்து ஓர் அருவி நேரே தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, அங்க பாருங்கோ" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களில் என் வயதுப் பெண்கள் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'இஞ்சேருங்கோ'தான் அவருக்குப் பேர். அவர் போய் நாலு வருடமாகிறது. என் பக்கத்து இருக்கையில் என் கைப்பைதான் இருந்தது. முன்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிச் சிரித்தாள். நான் அருவியைக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள். அழகான இடத்துக்குத் தனியப் போகக்கூடாது. அவலட்சணமான இடமென்றால் பேசாமல் இருந்துவிடலாம், அழகைப் பார்த்தால் யாருக்காவது காட்டவேண்டும்போல் இருக்கிறது.

கடைசியில் பஸ்ஸே ஒரு பெரிய படகுக்குள் ஏறியது. அக்கரையில் அக்கா ரப்பர் பூட்ஸோடு நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கட்டிப்பிடித்து அழுதோம். அழுது முடித்ததும் அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். எனக்கு மூத்தவள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டில் வெறுந்தேத்தண்ணீர் தந்தாள். மேசையில் மண்ணிறத்தில் ஒரு கட்டி இருந்தது. பனங்கட்டி என்று நினைத்து, வழக்கம்போல ஒரு கடி கடித்துத் தேத்தண்ணீரை உறிஞ்சினேன். இனிப்பு, உப்பு, ஆட்டுவாடை எல்லாம் ஒன்றாக வந்தது. சீஸாம். அக்கா மேசையில் கையூன்றிக்கொண்டு சிரித்தாள். அத்தானும் முதல்நாள் அதைத்தான் செய்தாராம்.

அந்தச் சிரிப்பு அடங்கமுன்னரே நான் அறையின் படத்தைக் காட்டினேன். "வடிவா இருக்கு" என்றாள். வரச்சொல்லிக் கேட்டேன். "பாப்பம்" என்றாள். எங்கள் வீட்டுப் 'பாப்பம்' எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியாதா? நான் விடவில்லை. காலையில் கேட்டேன், மாலையில் கேட்டேன், ஒருநாள் கோபம் வந்து, "ஒரு தமிழ்க் குரல் கேக்காத இடத்தில இருந்து என்னத்தைக் காணப்போறாய்?" என்று கத்தினேன். அவள் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் போன பிறகு அவளே சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் எங்கட ஊராள் ஒருத்தர் சாப்பிட வாறார். நீ கொண்டுவந்த தூளில ஒரு மீன்கறி வையன்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இந்த மலைக்குள் நாங்கள் பிறந்த தீவின் ஆள் ஒருவன் ஒளிந்திருக்கிறானே என்று நினைத்தேன். எவடம், கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ, ஆரின்ரை பிள்ளை என்று கேட்கக் கேள்விகளை அடுக்கிவைத்தேன். அந்த மனிசனை என் பக்கம் சேர்த்துக்கொண்டால் அக்காவைக் கிளப்பிவிடலாம் என்றும் கணக்குப் போட்டேன். புட்டு அவித்து, கறியை வற்றவைத்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தால், நெடுவலான ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஒரு கையில் தொப்பி, மறுகையில் கடதாசியில் சுற்றிய மீன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கவனமாக, "சுகமோ?" என்றார். அத்தான் பழக்கிய சொல்லாம். இருவரும் ஒரே படகில் மீனுக்குப் போனவர்கள்.

நான் அக்காவைக் குசினிக்குள் இழுத்தேன். "ஊராள் எண்டாய்?"

"ஓம். அந்த வளைவுக்கு அங்கால வீடு" என்றாள்.

அவள் பகிடி விடவில்லை. நான் ஏன் கேட்கிறேன் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. டொரன்டோவில் இத்தனை வருடம் இருக்கிறேன், 'எங்கட ஊர்' என்று நாங்கள் யாரும் டொரன்டோவைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பனி வழிக்கும்போது கையைக் காட்டுவதோடு சரி. எனக்கு வந்தது பொறாமைதான், வேறென்ன.

கிழவர் உறைப்பில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். அக்கா அவர்களுடைய மொழியில் ஏதோ சொல்ல, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அத்தானின் பெயர் வந்தது, அக்கா அவர் தட்டில் இன்னொரு மீன்துண்டு வைத்தாள். நான் நடுவில் இருந்து யாருக்குப் புட்டு வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் தனித்திருந்த ஆள் நான் ஒருத்திதான்.

அவர் போன பிறகு கோப்பை கழுவினோம்.

"நீ வரமாட்டாய், என்ன?" என்றேன்.

"மாட்டன். உன்ர அத்தான் இஞ்சத்தைச் சவக்காலையிலதான் கிடக்கிறார். எனக்கும் அவருக்குப் பக்கத்தில இடம் இருக்கு. உனக்கு அங்க எல்லாரும் இருக்கினமே. போன் எடுத்தா எந்த நேரமும் பேத்டே, சாமத்தியவீடு எண்டுதானே சொல்லுவாய்."

"இருக்கினம். சனிக்கிழமையில பார்ட்டி ஹோலுக்குள்ள இருக்கினம். மற்ற நாளில ஒருத்தரும் இல்லை" என்றேன். "மகள் மார்க்கம் நகரில, மகன் மிசிசாகாவில. வேலையும் விட்டாச்சு. உனக்காக எண்டு வெளிக்கிட்டு வந்தனான் அக்கா, ஆனா ஆள் வேண்டியது எனக்குத்தான்."

அவள் குழாயைப் பூட்டினாள். ஈரக்கையோடு என் கையைப் பிடித்தாள். "இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்திருப்பியோ?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். யோசித்துத்தான் சொன்னாள். "வந்திருக்கமாட்டன். ஆனா நீ தனிய இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மிச்ச நாட்களில் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருவரும் அத்தானுக்குப் பூ வைத்தோம். மேட்டில் ஏறி இறங்கினோம். வெளிக்கிடும் நாளில் படகு மறையும்வரை அவள் கரையில் நின்றாள்.

டொரன்டோ விமான நிலையத்துக்கு மகள்தான் வந்தாள். நாலு-நாட்-ஒன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"பெரியம்மா வாறாவோ?" என்றாள்.

"இல்லை. அவ அங்க தனிய இல்லை. அவவுக்கு அங்க ஆக்கள் இருக்கினம்."

"சோ, ஷி இஸ் ஓகே. அப்ப பிரச்சினை இல்லைத்தானே."

சரி என்று சொல்லிவிட்டு இருந்திருப்பேன். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"அவவுக்கு இல்லை. நான்தான் பிள்ளை தனிய இருக்கிறன்" என்றேன்.

மகள் சிக்னல் போட்டு அடுத்த வரிசைக்கு மாறினாள். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐ நோ, அம்மா" என்றாள்.