ஏழாம் குடிலுக்குத் தண்ணீர் வந்த கதை

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் காலைப் பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வருகிறேன், பக்கத்து ஊரான அகரத்திலிருந்து மதினி போன் செய்தார். அவரும் என் அண்ணனும் அங்கே தக்காளி, மிளகாய் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நிழல்வலைக் குடில்களுக்குள் குழித்தட்டுகளில் நாற்று வளரும். எந்தக் குடிலுக்கு எப்போது, எத்தனை நிமிடம் தண்ணீர் தூவ வேண்டும் என்பதை ஒரு கன்ட்ரோல் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

"ஏழாம் நம்பர் குடிலுக்குத் தண்ணியே வரமாட்டேங்குது தாயி. அஞ்சாம் நம்பர்ல சேறாக் கெடக்கு. ரெண்டுலயும் நாத்து போயிரும்போல. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போறியா?"

நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். குழாயும் வால்வும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று பிளம்பர் சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள் ஓடும் புரோகிராமில். அதை முதலில் எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். ஏழாவது குடில் புதிது; விற்கத் தயாரான நாற்றை முந்தின நாள்தான் அதற்குள் மாற்றியிருந்தார்கள். அதற்கான பகுதியை அந்த வாரம்தான் வேறொருவர் எழுதிச் சேர்த்திருந்தார். இருவருமே போனை எடுக்கவில்லை.

லேப்டாப்போடு போய் இறங்கினேன். அண்ணன் ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்து, இளநாற்று சாய்ந்துவிடாமல் பூவாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை நனைவதற்குள் அடுத்த வரிசை வாடியது. மறுநாள் எரியோடு என்ற ஊரிலிருந்து விவசாயிகள் நாற்று எடுக்க வருவதாக இருந்தது.

புரோகிராமைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. எங்கும் ஒரு விளக்கக் குறிப்பு இல்லை. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வெயில் ஏற ஏற, படித்ததெல்லாம் மறந்துபோனது. இப்படிப் படித்தால் சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் நாற்று கருகிவிடும் என்று புரிந்தது.

அப்போதுதான் டேக் எடுக்கும் கருவி நினைவுக்கு வந்தது. புரோகிராம் என்பது சின்னச் சின்ன வேலைத் துண்டுகளால் ஆனது; அவற்றை ஃபங்ஷன் என்போம். அந்தக் கருவி உள்ளே நடப்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயரையும் அது கேட்கும் விவரங்களையும் மட்டும் 'டேக்' என்ற சிறு குறிப்புகளாக வரிசையாக எடுத்துத் தரும். ஓட்டினேன். அவ்வளவு பெரிய புரோகிராமும் ஒரே திரைக்குள் வந்து நின்றது.

வால்வைத் திறக்கும் ஃபங்ஷன் இரண்டு இருந்தன. பழையது முதலில் குடில் எண்ணையும் பிறகு நிமிடத்தையும் கேட்டது. புதியது முதலில் நிமிடத்தைக் கேட்டது, குடில் எண் அப்புறம். புதியதைக் கூப்பிட்டு வேலை வாங்கும் இடத்தைத் தேடிப் போனேன். பழைய வழக்கப்படியே ஏழு, ஐந்து என்று எழுதியிருந்தது. ஏழாம் குடிலுக்கு ஐந்து நிமிடம் என்று நினைத்து எழுதியதை, பெட்டி ஐந்தாம் குடிலுக்கு ஏழு நிமிடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது! ஒரு குடில் காய்ந்ததற்கும் இன்னொன்று சேறானதற்கும் காரணம் ஒன்றேதான்.

செருப்பைக்கூடப் போடாமல் அண்ணனிடம் ஓடிச் சொன்னேன்.

"ரெண்டு நம்பரு எடம் மாறுனதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார்.

இரண்டையும் மாற்றிப் போட்டேன். புரோகிராமைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு மூவரும் ஏழாம் குடிலுக்குள் போய் நின்றோம். மேலே குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு குடில் முழுக்கப் புகைபோலத் தூறல் இறங்கியது. மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடியே, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரத்து நாற்று கொஞ்சம் போனது. மற்றதெல்லாம் பிழைத்து மறுநாள் வண்டி ஏறியது.

எங்கோ இருக்கும், முகம் தெரியாதவர்களுக்காக எத்தனையோ வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். நான் திருத்திய ஒரு வரி தண்ணீராக வந்து என் தலையையே நனைத்த அன்றுதான், நான் செய்வது என்ன வேலை என்று எனக்கே தெரிந்தது.